ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்கு ஓட்டு வேண்டாம், பேச்சு வேண்டும்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் ஞாயிறுதோறும் கூடுகிற நண்பர்களுக்கும்,

வணக்கம். நான் இந்தப் புகைப்படக் குழுவுக்கு வந்து 6 வருடம் ஆகிறது. எனக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்தோடு கடை முடியும். மாலை 5 மணிக்கு டியூஷன் சென்டர் மாடியில் நாம் கூடும் அந்த 2 மணி நேரம்தான் வாரம் முழுக்க எனக்கென்று இருக்கும் நேரம். அதில் ஒன்று கெட்டுப்போகிறது என்று தோன்றும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. நேரில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கடந்த 2 மாதமாக நாம் படங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வாரம் ஒரு தலைப்பு என்று கொடுத்து, அதற்கு நாம் எடுத்து வந்த படங்கள் ப்ரொஜெக்டரில் வரிசையாக ஓடுகின்றன. ஆளுக்கு ஒரு சீட்டு. பிடித்த 3 படங்களின் எண்ணை எழுதி டப்பாவில் போடுகிறோம். எண்ணி முடித்ததும் முதல் 3 படங்களை அறிவிக்கிறீர்கள், கை தட்டுகிறோம், டீ குடிக்கிறோம். முன்பெல்லாம் 7 மணி தாண்டியும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் இப்போது 5:45க்கே கலைந்துவிடுகிறது. இந்த ஓட்டெடுப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்தையும் பற்றிப் பேசும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நானும் அங்கேதான் இருந்தேன். "வேலை" என்பது அந்த வாரத் தலைப்பு. மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், வந்து 4 வாரம்தான் ஆகியிருந்தது, தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். தேய்ப்பு வண்டி. சாயங்கால வெளிச்சம். போனில் எடுத்தது. அவர் படம் திரையில் வந்ததும் மூத்தவர் ஒருவர், "இது போட்டோவே இல்லை, கை ஆடியிருக்கு, போனில் எடுத்தா இப்படித்தான் வரும், அடுத்தது போடுங்க" என்றார். இன்னும் 2 பேர் சிரித்தார்கள். அந்தத் தம்பி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. யார் மனதும் புண்படக் கூடாது என்று நீங்கள் மூவரும் உட்கார்ந்து யோசித்து ஓட்டுமுறையைக் கொண்டுவந்தீர்கள். உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். அதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டேன்.

ஆனால் அன்று அந்தப் படத்தை யார் விமரிசித்தார்கள்? யாருமே இல்லை. "போட்டோவே இல்லை" என்பது பார்க்க மறுப்பது. படத்தைப் பார்த்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். இஸ்திரிப் பெட்டியும் அதைப் பிடித்த கையும் மட்டும்தான் கலங்கியிருந்தன. வண்டியின் கூரைக் கம்பி, மடித்து அடுக்கிய துணிகள், அடுப்புத் தட்டில் கிடந்த சிரட்டைக் கரி, எல்லாம் துல்லியமாக இருந்தன. எடுத்தவரின் கை ஆடியிருந்தால் மொத்தப் படமும் ஆடியிருக்க வேண்டுமே! போனை எதன் மேலோ சாய்த்து வைத்து, விநாடியில் 15இல் ஒரு பங்கோ அதற்கும் மெதுவாகவோ எடுத்திருக்கிறார். நகர்ந்தது அப்பாவின் கை மட்டும். இதை நான் திரையில் அப்போதே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. சீனியர் சொல்லிவிட்டாரே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். 2 மாதமாக இது என்னை உறுத்துகிறது.

என் முதல் வாரம் வேறு மாதிரி இருந்தது. அன்று தலைப்பு "தண்ணீர்". தெருக்குழாயில் அம்மா குடம் பிடிப்பதை எடுத்துக் கொண்டுபோனேன். மேக்ஸி சைஸ் பிரிண்ட், அப்போது ப்ரொஜெக்டர் கிடையாது, மேஜை மேல் பரப்பி வைத்துச் சுற்றி நின்று பார்ப்போம். இப்போது நம்மோடு இல்லாத ஒரு பெரியவர், பள்ளிக்கூட ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், என் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. "என் கண்ணு முதலில் இந்த ஓரத்து நீலக் குடத்துக்குத்தான்மா போகுது. அது அம்மாவோட குடமா?" என்று கேட்டார். இல்லை, பக்கத்து வீட்டுக் குடம். அப்புறம், "நீ நின்னுக்கிட்டுதானே எடுத்தே? அம்மா குனிஞ்சிருக்காங்க. அதான் அம்மா முகம் எனக்குத் தெரியலை" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் விடிகாலையில் அதே குழாயடியில் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தேன். அம்மாவின் முகம், குடத்தின் வாய், விழுகிற தண்ணீர் மூன்றும் ஒரே உயரத்தில் வந்தன. அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அன்று சீட்டுப் போட்டிருந்தால் என் படத்துக்கு ஓர் ஓட்டுக்கூட விழுந்திருக்காது. ஏன் விழவில்லை என்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஓட்டுமுறை வந்த பிறகு நம் படங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று கவனித்தீர்களா? தலைப்பு எதுவாக இருந்தாலும் வண்டியூர் தெப்பக்குளத்தின் மைய மண்டபம் பொன்னிற வானத்தோடு வருகிறது. நாயக்கர் மகால் தூண்கள் வருகின்றன. சுருக்கம் விழுந்த தாத்தா முகம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. நானே சென்ற மாதம் "காத்திருப்பு" தலைப்புக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடுத்த ஒரு பழைய மல்லிகைப் படத்தைக் கொடுத்தேன். அதற்கும் காத்திருப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓட்டு விழும் என்று தெரியும், விழுந்தது, இரண்டாம் இடம். வீட்டுக்குப் போகும் வழியில் வெட்கமாக இருந்தது. ஒரு படத்துக்கு 4 விநாடி பார்த்து எண் எழுதச் சொன்னால், 4 விநாடியில் பிடிக்கிற படத்தைத்தான் எல்லோரும் எடுப்போம். மெதுவாகப் பிடிபடுகிற படம் அந்த டப்பாவுக்குள் போகவே போகாது.

ஏப்ரலில் "நிழல்" தலைப்பு வந்ததே, அதில் 9ஆம் எண் படம் நினைவிருக்கிறதா? தெப்பக்குளக் கரையில் ஒரு கம்பம், வெயில் கொளுத்துகிறது, கீழே தரை வெறுமையாகக் கிடக்கிறது. ஓர் ஓட்டும் இல்லை. "தலைப்பு நிழல், இவர் நிழலே இல்லாம எடுத்திருக்காரே" என்று பின்னால் யாரோ சொன்னதும் கேட்டது. டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒரு நாள் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது, ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை இப்படி நடக்கும் என்றார். அந்த நாள் பார்த்து, பகல் 12:15 வாக்கில் தொப்பிகூட இல்லாமல் நின்று எடுத்திருக்கிறார். அந்த வாரம் நம்மில் தலைப்பை அவர் அளவுக்கு யோசித்தவர் யாருமில்லை. பழைய முறை இருந்திருந்தால் 10 நிமிடம் அதைப் பற்றியே பேசியிருப்போம். படத்தைப் பார்த்தவுடன் அந்தச் செய்தி தெரியவில்லையே, கம்பத்தின் அடிப்பகுதியைக் கொஞ்சம் நெருங்கி எடுத்திருக்கலாமே, பக்கத்தில் குடை பிடித்த ஓர் ஆள் நின்றிருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டிருப்போம். அவருக்கும் பயன், நமக்கும் பயன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். பேச்சு நின்றுபோனதால் நம் ஆட்களின் முகம் வெளுத்துக்கொண்டே போகிறது. நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கறுத்த முகம் திரையில் வந்தால், "முகம் டார்க்கா இருக்கு, ஏத்தி விடுங்க" என்போம். அதே ஆட்கள் இப்போது ஓட்டுக்காகத் தாங்களே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். காமிராவின் வெளிச்ச மீட்டருக்கு மனிதத் தோல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதிரில் இருப்பது எல்லாம் நடுச் சாம்பல் நிறம், 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒன்று, என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி கட்டியவரை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் வேட்டியையும் சுவரையும் சாம்பலாக்கப் பார்க்கும். கூடவே முகமும் சேர்ந்து இருண்டுபோகும். இது எடுக்கும்போதே முகத்துக்கு மீட்டர் வைத்தோ, வெளிச்சத்தை அரை ஸ்டாப் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டியோ சரி செய்ய வேண்டியது. எடுத்த பிறகு தோலை உருக்கி வெளுக்க வைப்பது வேறு வேலை.

இந்தக் கோளாறு நம்மோடு தொடங்கியதும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. "ஷெர்லி அட்டை" என்றே அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் போதும், எல்லாம் சரி என்று வைத்தார்கள். அந்த அட்டையில் இல்லாத நிறம் நம்முடையது. நம் ஊரில், நம் மாடியில், நம் பாட்டியின் படத்தைப் பார்த்து நாமே அந்த அட்டையை எடுத்து நீட்டலாமா? 3 வாரம் முன்பு ஒரு தங்கை கொண்டுவந்த பாட்டி படம் எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது. ஜன்னல் ஓரத்தில், கன்னத்தில் மட்டும் வெளிச்சம், மீதி முகம் ஆழமான கறுப்பில் அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் அதே படத்தை வெளுத்துக் காட்டி, "இப்ப ஓகேவா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். ஏற்ற வேண்டாம், முதலில் இருந்ததுதான் உன் பாட்டி என்று சொல்ல எனக்கு ஓர் இடம் வேண்டும். ஓட்டுச் சீட்டில் அந்த இடம் இல்லை.

எடிட் செய்வதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 1858இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், வெறுமையாக விழுந்த வானத்தில் நெகட்டிவின் மேல் கையால் மேகம் தீட்டியவர். இந்தச் சண்டை அவ்வளவு பழையது. எதற்காக மாற்றினோம் என்று எடுத்தவர் சொல்லவும், மற்றவர்கள் கேட்கவும் வாய்ப்பு இருந்தால் போதும்.

அப்புறம், "தனிமை" வாரம். 14 படங்களில் 3, ரோட்டோரம் தூங்குகிறவர்களின் படம். யானைக்கல் பாலத்துப் பக்கம் எடுத்த ஒன்றில் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முதல் இடம் கொடுத்தோம். நானும் ஓட்டுப் போட்டேன். வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது. தூங்குகிற மனிதரிடம் யாரும் அனுமதி கேட்க முடியாது. அவர் எழுந்து இந்தத் திரையைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க நேரமே இல்லை. அவர் தனிமையில் இருந்தார் என்பது மட்டும் நமக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950இல் இதே மதுரையில் எடுத்த ஒரு படம் உண்டு. ஒட்டி உலர்ந்த குழந்தை, அதை வைத்திருக்கும் தாய், பின்னால் வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலா எலும்பும் கண்ணுக்குள் ஒன்றாக நிற்கும். சில வருடம் முன்பு அந்தப் படத்தின் நகலை நாம் மேஜையில் வைத்துப் பேசினோம், நினைவிருக்கிறதா? பசியைக் காட்டுகிறதா, பசியை அழகாக்குகிறதா என்று ஒன்றரை மணி நேரம் வாதம். முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்கத் தெருவில் யார் முன்னாலும் காமிராவைத் தூக்கும் முன் என் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தை எனக்குக் கொடுத்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தால் பழைய காயமும் திரும்ப வருமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். 1930களில் அமெரிக்காவில் ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் அரசுத் துறை ஒன்றின் சார்பில் கிராமப்புறங்களைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்களை அனுப்பினார். டொரோதியா லாங்க், வாக்கர் எவன்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். அவர் கொடுத்த தலைப்புகள் அருமையானவை. மக்கள் எங்கே சந்தித்துக்கொள்கிறார்கள் என்பது போலச் சிலவற்றைக் கேள்வியாகவே கொடுப்பார். ஆனால் அதே மனிதர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்ச் வைத்து ஓட்டை போட்டார். அந்தப் படங்கள் இன்றும் நடுவில் கறுப்பு வட்டத்தோடு இருக்கின்றன. எடுத்தவர்கள் கொதித்துப்போய் எதிர்த்தார்கள். அந்தத் தம்பி படத்தில் நாம் அன்று போட்டதும் அதே ஓட்டைதான். கேள்வி கேட்கிற ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொள்வோம், பஞ்ச் மெஷினைப் பிடுங்கி வைப்போம்.

எனக்குத் தோன்றுகிற வழி இது. படம் திரையில் வந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம். எடுத்தவரும் பேச வேண்டாம். பிறகு 2 பேர், பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை விட்டுவிட்டு, என்ன பார்த்தோம் என்று மட்டும் சொல்லட்டும். கண் முதலில் எங்கே போனது, எங்கே தங்கியது, தலைப்பு எந்த இடத்தில் பிடிபட்டது. அதற்குப் பிறகு எடுத்தவர் தான் எதற்கு முயன்றேன் என்று சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நிற்கும் இடம், உயரம், நேரம், வெளிச்சம், எதை ஃப்ரேமுக்குள் விட்டோம் எதை வெட்டினோம், எல்லாமே அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும். எந்தக் காமிரா, எந்த லென்ஸ் என்ற கேள்வி கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. "சூப்பர்", "செம" என்று சொல்லத் தோன்றினால் எது சூப்பர் என்றும் கூடவே சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் க்ராப் செய்து காட்டக் கூடாது. புதிதாக வந்தவர் படத்துக்கு முதலில் பேசுகிறவர் மூத்தவராக இருக்க வேண்டாம், நாங்கள் யாராவது பேசுகிறோம். வழக்கமாக வருவது 14 பேர். ஆளுக்கு 5 நிமிடம் என்றாலும் 70 நிமிடம்தான் ஆகும். 7 மணிக்கு முன்னால் டீக்குப் போய்விடலாம்.

தலைப்புகளையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். "அழகு", "இயற்கை", "தனிமை" என்று ஒற்றைச் சொல் கொடுத்தால் ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தைத் தேடிப் போகிறோம். "உங்கள் தெருவில் விடிகாலை முதலில் விளக்கு எரியும் வீடு எது?" என்று கேட்டால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். "நீங்கள் தினமும் தொடுகிற, ஒரு நாளும் பார்க்காத பொருள்" என்று கேட்கலாம். சென்ற வாரம் எடுத்த அதே படத்தை, பேசியதை மனதில் வைத்து இந்த வாரம் திரும்ப எடுத்து வரச் சொல்லலாம். மாதத்தில் ஒரு வாரம் அப்படி இருந்தாலே போதும், ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று மேஜை மேலேயே தெரியும். முடிந்தால் ப்ரொஜெக்டரை விட்டு மேக்ஸி பிரிண்ட்டுக்கே போவோம். கையில் பிடித்த படத்தை யாரும் 4 விநாடியில் கீழே வைப்பதில்லை.

போன புதன்கிழமை அந்தத் தம்பியின் கடைக்குப் போனேன். போன் ரிப்பேர் என்று ஒரு சாக்கு. கூட்டம் குறைந்ததும், "உங்க அப்பா படத்தில் கை மட்டும்தானே ஆடியிருந்தது? போனை எங்கே வெச்சு எடுத்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கடை ஸ்டூல் மேல் செங்கல் வைத்து, அதில் சாய்த்து, 11 தடவை எடுத்தாராம். அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை கையை நிறுத்தவே மாட்டார், அது படத்தில் வர வேண்டும் என்று நினைத்தாராம். கை அசையாமல் விழுந்த படங்களும் அதில் இருந்தன, அவற்றை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "இதை அன்னிக்கே யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா" என்றார்.

அன்றே கேட்காததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் முன்னாலும் கேட்கிறேன். படங்களைப் பற்றிப் பேசுகிற வாரம் என்றால் வருவேன், சீட்டுப் போடுகிற வாரம் என்றால் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு வாங்கி என் பையில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு 5 மணிக்கு மேஜை மேல் முதலில் அதை வைக்க அனுமதி கொடுங்கள். சனிக்கிழமை இரவுக்குள் சொன்னால் அவருக்கும் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
மருந்துக்கடை அக்கா
மதுரை